டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

கெடிலமும் தென்பெண்ணையும் கடலொடு கலக்கும் இடத்தருகே அமைந்தது கடலூர். அதற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் நெல்வயல்கள் சூழ விளங்குவது சிதம்பரம். நீர்வளம் மிக்க இந்நிலப்பகுதியில், அந்நீர்வளத்தின் நிழல்போலத் தொடர்ந்து வந்த துன்பம் ஒன்றும் உண்டு. தேங்கிய சாக்கடைகளிலும் குட்டைகளிலும் பெருகும் கொசுக்களால் பரவும் யானைக்கால் நோயே அது. கால் பருத்துத் தோல் தடித்து, உழவும் நடவும் செய்யவியலாமல் திண்ணையில் ஒடுங்கியவர் பலர். அந்நோயை எதிர்த்து 1996-ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டத்து மக்கட்கு வீடுதோறும் மாத்திரை வழங்கும் பெருமுயற்சி தொடங்கியது. அம்மாத்திரையை வாங்கி உண்டவருள், அதனை உலகுக்கு அளித்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் நம் நாட்டினர் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது அவர்தம் பெயர். கலவைகளினின்று ஒரு பொருளை மட்டும் தனியே பிரித்தெடுக்கும் அரிய வேதியியற்கலையில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் கோதாவரி நாட்டிலுள்ள பீமவரத்தில் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் ஜகந்நாதம், வருவாய்த்துறையில் சிற்றலுவலர்; தாயார் வெங்கம்மா. மக்கள் பலரைக் கொண்ட அக்குடும்பத்தைத் தந்தையின் உடல்நலக் குறைவு வறுமையில் ஆழ்த்தியது. சுப்பாராவுக்கோ இளமையில் பள்ளிப்படிப்பில் நாட்டம் இல்லை. செல்வம் ஈட்டும் வழியே அவர் மனத்தைக் கவர்ந்தது. பதின்மூன்று வயதளவில், காசிக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பெரும்பொருள் திரட்டலாம் என்று எண்ணி, வீட்டில் உள்ளவர்க்குத் தெரியாமல் புறப்பட்டுவிட்டார் என்பர். நெடுந்தொலைவு செல்லுமுன் பிடிபட்டு வீடு திரும்பினார். தாயார் அவரை மீண்டும் பள்ளியில் சேர்த்தார். அவ்வம்மையாரின் உறுதி இல்லையேல், வாழைப்பழ வணிகர் ஒருவர் கிடைத்திருப்பார். மருத்துவ உலகம் ஒரு மேதையை இழந்திருக்கும்.

பள்ளியிறுதித் தேர்வில் சுப்பாராவ் இருமுறை தோல்வியுற்றார். இராஜமுந்திரியில் கைகூடாத வெற்றி, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறை கைகூடியது. இடையே தந்தையார் மறைந்தார். தாயார் தம் அணிகலன்களை விற்று மகனைப் படிக்க வைத்தார். மாநிலக் கல்லூரியில் சேர்ந்த சுப்பாராவுக்குக் கணிதத்தில் ஆர்வம் மிகுந்தது. அதனினும் மிகுந்தது துறவில் ஆர்வம். இராமகிருஷ்ண மடத்தாரின் தொடர்பு அவரைப் பெரிதும் ஈர்த்தது. ஆனால், தாயின் இசைவின்றித் துறவு பூணலாகாது என்பது அங்குள்ள முறை. தாயார் இசையவில்லை. மக்கட்குத் தொண்டு செய்ய விழைவோர் மருத்துவம் கற்றல் நன்று என்ற அறிவுரையே அவரைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் கொண்டு சேர்த்தது. 1919-இல் சேஷகிரி என்னும் நங்கையை அவர் மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி அவரது படிப்புச் செலவுக்கு உதவினார்.

அக்காலம் காந்தியடிகளின் அழைப்பு நாடெங்கும் ஒலித்த காலம். அந்நியத் துணியை விலக்கிய சுப்பாராவ், அறுவை மருத்துவக் கூடத்திலும் கதராடையே அணிந்து சென்றார். அஃது ஆங்கிலப் பேராசிரியர் ஒருவருக்குச் சினத்தை விளைத்தது. ஏனைய பாடங்களில் நன்கு தேறியும், அறுவை மருத்துவத்தில் குறைவான மதிப்பெண்ணே அவருக்குக் கிட்டியது. அதனால் எம்.பி.பி.எஸ். என்னும் முழுப்பட்டம் கிடைக்காமல், எல்.எம்.எஸ். என்னும் சிறுபட்டமே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியை நாடிய முயற்சியும் பலிக்கவில்லை. டாக்டர் இலட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் பணியை ஏற்றார். பழைய மருந்துகளின் ஆற்றலைப் புதிய அறிவியலின் கண்கொண்டு ஆராயும் விருப்பம் அவர் உள்ளத்தில் அங்கேதான் வேரூன்றியது. ஒரு கசாயத்தில் நோய் தீர்க்கும் பொருள் எது, வெறும் சாரம் எது என்று பிரித்தறிய வேண்டும் என்னும் வேட்கை, பிற்காலத்து அவர்தம் ஆராய்ச்சி அனைத்துக்கும் ஊற்றாயிற்று.

அவ்வேட்கைக்குக் குடும்பத்தில் நேர்ந்த கொடுந்துயரமும் காரணமாகும். ஸ்புரு என்று மருத்துவர் வழங்கும் வெப்பநாட்டு நோய் ஒன்று உண்டு. உண்ட உணவின் சத்து உடலில் சேராது, வயிறு ஓயாமல் கழியும், நாவு புண்ணாகும், இரத்தம் குன்றும், உடல் நாளடைவில் உருகிப் போகும். இந்நோயால் சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். மருத்துவம் கற்ற ஒருவர் தம் வீட்டிலேயே இரு சாவுகளைக் கண்டும் ஒன்றும் செய்ய இயலாமல் நின்றார். அந்நோய்க்கு அந்நாளில் உலகில் எவரிடத்தும் மருந்து இல்லை.

வெப்பநாட்டு நோய்களை ஆராயும் கல்வி அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உண்டு என்பதறிந்து, காக்கிநாடாவைச் சார்ந்த சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியையும் மாமனாரின் உதவியையும் கொண்டு கப்பலேறினார். 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் பாஸ்டன் நகரை அடைந்தார். கையில் இருந்த பொருள் சொற்பம். உதவித்தொகையும் கிட்டவில்லை. பகலில் கல்வி பயின்ற அம்மருத்துவர், இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் ஏவலராகப் பணிபுரிந்தார். பட்டம் பெற்ற மருத்துவர் இத்தொழிலைச் செய்வதா என்று அவர் நாணவில்லை. ஊரில் விட்டு வந்த மனைவியாருக்குப் பிறந்த ஆண்மகவு குழந்தைப் பருவத்திலேயே இறந்தது. மூன்றாண்டுகளில் திரும்புவதாக எண்ணிச் சென்றவர் பின்னர் ஒருபோதும் தாய்நாடு திரும்பவில்லை; சேஷகிரி அம்மையார் கணவரை மீளவும் காணவில்லை. அவர்தம் புகழைப் பேசுவோர் இவ்வம்மையாரின் நீண்ட தனிமையையும் சேர்த்து எண்ணுதல் முறையாகும்.

ஹார்வர்டில் ஓட்டோ ஃபோலின் என்பார் உயிர்வேதியியல் துறைத் தலைவராக இருந்தார். அவரது கூடத்தில், சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆசிரியருடன் சுப்பாராவ் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்பதை, ஒருவகை நீலநிறத்தின் செறிவைக்கொண்டு அளந்தறியும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்னும் பெயரால் உலகெங்கும் மாணவர் அதனைப் பயின்று வந்துள்ளனர். இவ்வளவுகோல் கைவரப்பெற்றபின், தசையினுள் பாஸ்பரஸ் எவ்வடிவில் உள்ளது என்று தேடினர். 1927-இல் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளைக் கண்டனர். தசை சுருங்குங்கால் அது குறைவதும், ஓய்வில் மீண்டும் நிறைவதும் தெரியவந்தன. அதுகாறும் லாக்டிக் அமிலமே தசையின் ஆற்றலுக்குக் காரணம் என்று கற்றோர் கொண்டிருந்தனர். அக்கொள்கைக்கு அடிகோலிய ஹில், மயர்ஹாஃப் ஆகிய இருவரும் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் பெற்றிருந்தனர். புதிய கண்டுபிடிப்பு அக்கொள்கையின் அடித்தளத்தை அசைத்தது. 1929-இல் உயிர்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவ்விருவர் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியர் முன்னதனையும், செருமனியில் லோமன் பின்னதனையும் தனித்தே கண்டனர் என்பதும் கூறற்பாலது. 1930-இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார்.

இத்துணை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி வாய்க்கவில்லை. அந்நியர் என்னும் நிலை ஒருபுறம். தம் பெயரைத் தாமே முன்னிறுத்தாத இயல்பு மற்றொருபுறம். ஆயினும் அவர் சோரவில்லை. இரத்தம் குன்றிச் சாகும் ஒருவகைக் கொடிய சோகைக்கு ஆட்டின் ஈரலும் மாட்டின் ஈரலும் மருந்தாதலை அக்காலத்து மருத்துவர் கண்டிருந்தனர். ஈரலில் உள்ள எப்பொருள் அந்நோயைத் தீர்க்கிறது என்பதை எவரும் அறிந்திலர். சுப்பாராவ் ஈரற்சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார். அத்தேட்டத்தின் முடிவாகிய பி-12 உயிர்ச்சத்து, 1948-இல் பிறர் கையில் அகப்பட்டது. அவர் பெற்றது வேறு, அதுவும் சிறிதன்று. லெடர்லி என்னும் மருந்து நிறுவனம் அவரது திறமையை அறிந்து, 1940-இல் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டது. நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் அமைந்தது அக்கூடம். 1942-இல் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவரே தலைவரானார்.

இனி, அவர் மேற்கொண்ட பணியின் அருமையைச் சிறிது விரித்துக் காண்போம். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் புலவர் பாடுவர். அன்னத்துக்கு வாய்த்தவை இரண்டே பொருள்கள். ஈரற்சாற்றிலோ உப்புக்கள், சர்க்கரைகள், புரதத் துண்டுகள், நிறப்பொருள்கள் என எண்ணிறந்தவை கலந்துள்ளன. வேண்டிய பொருளோ அவற்றுள் அணுவளவே இருக்கும். பம்பாய் நெசவாலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களின் சோகையை 1928 முதல் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், ஈஸ்ட்டின் சாற்றால் அது தீர்தலைக் கண்டார். ஆனால் தீர்த்த பொருள் யாதென்று அவரால் காட்ட இயலவில்லை. 1941-இல் அமெரிக்க அறிஞர் சிலர் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்துச் சாறெடுத்து அப்பொருளின் மிகச்சிறு பங்கையே பெற்றனர். இலைக்கு இலத்தீன் மொழியில் ஃபோலியம் என்று பெயர். அதனால் ஃபோலிக் அமிலம் என்று அதற்குப் பெயரிட்டனர்.

கண்ணுக்குப் புலனாகாத ஒன்று எந்தப் பகுதியில் உள்ளது என்று அறிவதெங்ஙனம்? அதற்கு ஒரு நுண்ணுயிரே துணையாயிற்று. லாக்டோபேசில்லஸ் கேசி என்னும் பாக்டீரியா, ஃபோலிக் அமிலம் இல்லாத உணவில் வளராது. சிறிது சேர்த்தால் சிறிது வளரும். மிகுதியாகச் சேர்த்தால் மிகுதியாக வளரும். ஆகவே, சாற்றை வெவ்வேறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில துளிகளை அதற்கு ஊட்டி, வளர்ச்சியை அளந்தால், வேண்டிய பொருள் எங்கே ஒளிந்துள்ளது என்பது தெரிந்துவிடும். சுப்பாராவின் குழுவைச் சார்ந்த ஸ்டாக்ஸ்டாட், ஹட்சிங்ஸ் முதலியோர் இம்முறையில் கைதேர்ந்தவர்கள்.

ஈரலினின்று பெறும் அளவு போதவில்லை. அந்நிலையில், கோரினிபேக்டீரியம் என்னும் இனத்துப் பாக்டீரியா ஒன்றை வளர்த்த நொதிசாற்றில் அப்பொருளை ஒத்த ஒன்று இருத்தலைக் குழுவினர் கண்டு 1944-இல் வெளியிட்டனர். நொதித்தல் நமக்குப் புதியதன்று. இட்டலி மாவு புளித்துப் பொங்குவதும், பால் தயிராவதும் நுண்ணுயிர்களின் செயலே. பெருங்கலத்தில் சர்க்கரையும் உப்புக்களும் கலந்த நீரில் அவற்றை வளர்த்தால், அவை தின்று கழித்த மிச்சமும் அவை ஆக்கிய புதுப்பொருளும் ஒருங்கே கலங்கிய சாறு கிடைக்கும். அச்சாற்றினின்று வேண்டியதை மட்டும் எடுத்தல் வேண்டும். அமிலம் சேர்த்த சாற்றில் கரித்தூளை இட்டால், வேண்டிய பொருள் கரியின்மேல் ஒட்டிக்கொள்ளும். கரியை வடித்தெடுத்து, அம்மோனியா கலந்த ஆல்ககாலால் கழுவினால் ஒட்டியது பிரிந்து வரும். பின்னர் ஒருவகைக் களிமண்ணில் ஒட்டச்செய்தும், பேரிய உப்பாக வீழ்த்தியும், மீண்டும் கரைத்தும் படிப்படியாகத் தூய்மை செய்வர். ஒவ்வொரு படியிலும் அழுக்கு நீங்கும். பொருளும் ஓரளவு இழப்பாகும். இறுதியில் எஞ்சுவது மஞ்சள்நிறப் பளிங்குத்துகள். அதனை ஆய்ந்தபோது, அதன் கட்டமைப்பில் குளூட்டாமிக் அமிலம் என்னும் அமினோ அமிலம் இருத்தல் தெரிந்தது. ஈரலினின்று பெற்றதில் அது ஒன்று. நொதிசாற்றினின்று பெற்றதில் மூன்று. இந்த வேறுபாடு பின்னர் எத்துணைப் பெரிய விளைவுக்கு வழிவகுத்தது என்பதைக் காண்போம்.

இவ்விடத்தில், இத்தகைய தூய்மையாக்கத்தின் பிற்கால வளர்ச்சியையும் மாணவர் அறிதல் நலம். கடலூரிலும் சிதம்பரத்திலும் கடலோர உழவர் நன்கறிந்த ஒரு செய்தி உண்டு. புயற்காலத்தில் கடல்நீர் வயலில் ஏறினால், நீரிலுள்ள சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொள்ளும். மண் இறுகும், நெல் வாடும். அம்மண்ணில் ஜிப்சத்தை இட்டு நன்னீர் பாய்ச்சினால், ஜிப்சத்தின் கால்சியம் மண்ணில் இடம்பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியேற்றும். வெளியேறிய சோடியத்தை நீர் அடித்துச் செல்லும். மின்னேற்றம் உடைய துகள்களாகிய அயனிகள் இவ்வாறு ஒன்றன் இடத்தை மற்றொன்று கொள்ளுதலே அயனிப் பரிமாற்றம். மண்ணுக்கு இவ்வியல்பு உண்டு என்பதை 1850-இல் தாம்சன், வே ஆகிய இரண்டு ஆங்கிலேயர் ஆய்ந்து வெளியிட்டனர். 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் இருவர் அதே செயலைப் புரியும் செயற்கைப் பிசின்களைச் செய்தனர்.

அமினோ அமிலங்களைப் பிரிப்பதற்கு இப்பிசின் மிகவும் ஏற்றது. அமினோ அமிலத்தின் ஒருபுறம் அமிலத்தன்மையும் மறுபுறம் காரத்தன்மையும் உண்டு. சாற்றில் அமிலத்தைக் கூட்டினால் அது நேர்மின்னேற்றம் பெறும். காரத்தைக் கூட்டினால் எதிர்மின்னேற்றம் பெறும். எனவே, அமிலமாக்கிய நொதிசாற்றைப் பிசின்மணிகள் நிறைந்த குழாயில் மேலிருந்து ஊற்றினால், நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலம் மணிகளைப் பற்றி நிற்கும். சர்க்கரையும், மின்னேற்றமற்ற பிறவும் கீழே ஒழுகிவிடும். நீரால் கழுவியபின் அம்மோனியாக் கரைசலை ஊற்றினால், அமினோ அமிலம் தன் ஏற்றத்தை இழந்து மணியை விட்டு இறங்கும். அமினோ அமிலங்கள் பல கலந்திருப்பினும், ஒவ்வொன்றும் பற்றும் வலிமையில் வேறுபடுதலின், முன்னும் பின்னுமாகத் தனித்தனியே வெளிவரும். மூர், ஸ்டைன் ஆகிய இருவர் 1950-க்குப் பின்னர் இம்முறையைச் செம்மை செய்து, 1972-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். சப்பானியர் கினோஷிட்டா என்பார் 1956-இல் குளூட்டாமிக் அமிலத்தை மிகுதியாகச் சுரக்கும் பாக்டீரியாவைக் கண்டார். அதுவும் கோரினிபேக்டீரியம் இனத்ததே! நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களின் சர்க்கரை ஆலைகளில் எஞ்சும் கழிவுப்பாகுபோன்ற எளிய பொருளை அதற்கு உணவாக்கி, அமினோ அமிலங்களை டன் கணக்கில் ஆக்கும் தொழில் அதனால் பிறந்தது. சுப்பாராவ் குழுவினர் கரியையும் களிமண்ணையும் கொண்டு செய்த வேலையின் ஒரு பெரும்பங்கைப் பிற்காலத்தில் பிசின்மணிகள் ஏற்றுக்கொண்டன.

பிரித்தறிந்த பொருளின் கட்டமைப்பு விளங்கியதும், அதனை வேதிமுறையில் ஆக்கும் முயற்சி தொடங்கியது. 1945-ஆம் ஆண்டு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிய செய்தி வெளியாயிற்று. அவ்வறிக்கையில் பதினாறு பேர் பெயர்கள் உள்ளன. தலைவராகிய சுப்பாராவின் பெயர் முதலிலும் இல்லை, இறுதியிலும் இல்லை. நடுவே ஒன்றாக நிற்கிறது. டன் கணக்கில் கீரையை அரைத்தும் அரிதாகக் கிடைத்த பொருள், மருத்துவர் வேண்டும் அளவு கிடைக்கலாயிற்று. டாம் ஸ்பைஸ் என்னும் மருத்துவர் அதனை ஸ்புரு நோயாளிகட்குக் கொடுத்துப் பார்த்தார். நாவின் புண் ஆறியது, பசி எழுந்தது, குருதி ஊறியது. எந்நோய் தம் உடன்பிறந்தார் இருவரையும் கொண்டுபோயிற்றோ, அந்நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. அவ்விருவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. கருவுற்ற பெண்களுக்கு இன்று நம் நாட்டு நலவாழ்வு நிலையங்களில் இரும்புச்சத்துடன் சேர்த்து அளிக்கப்படுவதும் இந்த ஃபோலிக் அமிலமே.

இரத்தப் புற்றுநோய் கண்ட சிறுவரைப் பிழைப்பிக்க வழியறியாது வருந்திய பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், மூன்று குளூட்டாமிக் அமிலம் கொண்ட பொருளை லெடர்லியினின்று பெற்றுப் புற்றுநோயாளிகட்கு அளித்து ஆராய்ந்தார். ஃபோலிக் அமில வகையைக் கொடுத்தபோது சிறுவர்க்கு அந்நோய் முன்னிலும் விரைந்து பெருகுதல்போலத் தோன்றியது. ஆகவே அதற்கு மாறானதைக் கொடுத்தால் நோய் தணியும் என்று அவர் கருதினார். ஃபோலிக் அமிலத்தை ஒத்திருந்தும் அதன் வேலையைத் தடுக்கும் போலிப்பொருள்களைச் சுப்பாராவின் கூடத்தார் ஆக்கித் தந்தனர். அமினாப்டெரின் என்பது அவற்றுள் ஒன்று. 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையின்படி, அதனைப் பெற்ற 16 சிறுவருள் 10 பேர் சிறிது காலத்துக்கேனும் நலம் பெற்றனர். நோய் மீண்டது உண்மை. ஆயினும் இரத்தப் புற்றுநோயை மருந்தால் பின்வாங்கச் செய்யலாம் என்பது அன்றுதான் உறுதியாயிற்று. அதே குடும்பத்தைச் சார்ந்த மெத்தோடிரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டழற்சிக்கும் வழங்கப்படுகிறது.

யானைக்கால் நோய்க்கு வருவோம். இரத்தத்தில் நுண்புழு இருத்தலைக் கல்கத்தாவில் லூயிஸ் என்பார் 1872-இல் கண்டார். கொசுவின் உடலில் அது வளர்தலை மான்சன் சில ஆண்டுகளில் காட்டினார். காரணம் தெரிந்தும் ஏற்ற மருந்து வரவில்லை. சுப்பாராவின் கூடத்தார் ஒருவகை எலிகளின் உடலில் வாழும் ஃபைலேரியாப் புழுக்களின்மீது மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, டை எதில் கார்பமசின் என்னும் பொருளைத் தேர்ந்தனர். ஹெட்ரசான் என்னும் பெயரால் 1947-இல் அது வெளிப்போந்தது. வாயால் உண்ணும் எளிய மாத்திரை அது, விலையும் குறைவு. பருத்துவிட்ட காலை அது பழைய நிலைக்குக் கொணராது. ஆனால் இரத்தத்தில் உலவும் நுண்புழுக்களை ஒழித்து, கொசு அவற்றை அடுத்தவர்க்குக் கொண்டு செல்லாதவாறு தடுக்கும். அந்நுண்புழு பகலில் உடலின் உள்ளே மறைந்து, இரவில் தோலருகே வந்து உலவும் இயல்பினது. ஆதலின் நலப்பணியாளர் இரவு நேரத்தில் வீடு வீடாகச் சென்று விரல்நுனியில் குத்திக் குருதி எடுத்து ஆராய்வர். நோயுற்றார்க்கு மட்டுமன்றி, ஓர் ஊரில் உள்ள அனைவர்க்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வேளை மருந்தளித்தால் நோய்ப்பரவலே அறும் என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது. தமிழகத்தில் அம்முறைக்கு முதற்களமாக அமைந்ததே கடலூர் மாவட்டம். 2004-இல் அத்திட்டம் நோய் பரவிய பிற மாவட்டங்கட்கும் நாடளாவிய முறையில் விரிந்தது. நலமாக இருக்கும் எனக்கு மருந்து எதற்கு என்று மறுத்தவரும் உண்டு. அவர்கட்கு அதன் பயனை எடுத்துரைத்து, கண்ணெதிரே உண்ணச் செய்வது நலப்பணியாளர்க்குப் பெரும்பாடாக இருந்தது. மருந்தைக் கண்டறிதல் ஒரு தொழில். அதனை உண்பித்தல் மற்றொரு தொழில்.

சுப்பாராவ் ஆட்களைத் தேர்ந்த முறையும் தனித்தன்மையுடையது. வயது முதிர்ந்தமையால் பல்கலைக்கழகப் பணியினின்று ஓய்வு பெற்றிருந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் அறிஞர்க்கு அவர் கூடத்தில் இடம் கிடைத்தது. பல ஊர்களின் மண்ணையும் வரவழைத்து, அவற்றில் வாழும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களை டக்கர் ஆராய்ந்தார். மிசௌரி மாநிலத்து வயல் ஒன்றின் மண்ணில் பொன்னிறமான ஒன்று அகப்பட்டது. அதன் நொதிசாற்றினின்று பெற்ற ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவது. பெனிசிலினுக்கு அடங்காத பல கிருமிகளையும் அது அடக்கியது. 1948-இல் அதன் செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதனைக் காணும் பேறு சுப்பாராவுக்கு மயிரிழையில் வாய்த்தது என்றே சொல்ல வேண்டும்.

அமெரிக்க நாட்டில் இந்தியர் குடியுரிமை பெற 1946-ஆம் ஆண்டுவரை சட்டம் இடந்தரவில்லை. இடந்தந்த பின்னரும் சுப்பாராவ் அதனைப் பெறாமல் இந்தியராகவே வாழ்ந்தார். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பழைய காசிப் பயணத்தின் துடிப்பு ஐம்பது வயதிலும் அவரை விட்டு நீங்கவில்லை போலும். செய்தியாளரைத் தேடி அவர் சென்றதில்லை. விருதுகளும் அவரைத் தேடி வரவில்லை. 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு உறங்கச் சென்றவர் விழிக்கவில்லை. அப்பொழுது அவர்க்கு வயது 53. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன.

அவர் பிறந்த நூற்றாண்டாகிய 1995-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1953-இல், ஹெசல்டைன் என்னும் பூஞ்சையியல் அறிஞர் புதிதாகக் கண்ட பூஞ்சை இனம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசெஸ் என்று அவர் பெயரையே சூட்டியிருந்தார். கழிவுநீரைத் தூய்மை செய்யும் வடிகட்டிகளில் வளர்வது அது.